தவிட்டுக்குப் போன பிள்ளை

புதிதாக நம் சட்டப் பிரிவில் வந்து உட்காருகிறவர்கள் முதலில் எழுத்துப் பிழைக்குப் பயப்படுகிறார்கள். அடுத்து, குழந்தைகள் நலக் குழுத் தலைவரின் கோபத்துக்கு. இரண்டும் போகப் போகச் சரியாகிவிடும். பிழையைத் திருத்தி மறுபடி அச்செடுக்கலாம். தலைவர் யாராக இருந்தாலும் சாப்பாட்டு வேளை வந்தால் கோபம் தணிந்துவிடும். நான் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு. கோப்பைத் திறந்த உடனே ஒரு விஷயம் முழுசாகப் புரிந்துவிட்டதென்று தோன்றினால், அங்கே கொஞ்சம் பயப்படுங்கள்.

போன வாரம் உங்களில் இரண்டு பேர் கடம்பத்தூரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் எது மேடம்?" என்று கேட்டீர்கள். என்னமோ நடிகையிடம் பேட்டி எடுப்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காப்பி ஆறுகிறது குடியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். கேட்டதில் தப்பில்லை. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், தெருவையும் மாற்றியிருக்கிறேன். உங்கள் ஆர்வம் எனக்குத் தெரியும், பழைய கோப்புகளைக் குடைந்து தேடாதீர்கள். கிடைக்காது.

நான் அலுவலர் கிடையாது. சட்ட அலுவலருக்கு உதவியாளர், அவ்வளவுதான். வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்வேன், கோப்பைக் கட்டி வைப்பேன். குழு உட்காருகிற நாட்களில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்து, அவர்கள் பேசி முடித்துச் சொல்கிற உத்தரவை அடித்துக் கையெழுத்துக்கு வைப்பேன். பிள்ளை யாரிடம் போக வேண்டும், இல்லத்தில் இருக்க வேண்டுமா, வீட்டுக்குப் போகலாமா என்று முடிவு செய்வது குழு. அதைத் தாளில் கொண்டுவருவது நான். இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். அது ஒரு வசதி. எல்லோரும் பேசுகிறவரைப் பார்ப்பார்கள், நாம் பேசாதவர்களைப் பார்க்கலாம்.

அன்றைக்கு வந்த புகார் தொலைபேசியில் வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெரு, அங்கே ஒரு பெண் குழந்தையை விற்றுவிட்டார்கள், வந்து பாருங்கள் என்று ஒரு பெண் குரல். பெயர் சொல்லவில்லை. நம் களப் பணியாளர் போய்ப் பார்த்து, மறுநாளே எல்லோரையும் திருவள்ளூருக்கு வரவழைத்துவிட்டான். நல்ல பையன், ஊருக்குப் புதிது, தெற்கத்திக்காரன், அங்கேயே படித்துவிட்டு வந்தவன். குழந்தை விற்பனைக்கு எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு சிறை என்று மூச்சு விடாமல் சொல்வான்.

வந்தவர்கள் இவர்கள்தான். பெற்ற தாய் கோமதி. அவள் புருஷன், இரும்பு உருக்கும் ஷெட் ஒன்றில் ஒப்பந்தக் கூலி. அந்த ஷெட்டுக்கு ஆள் அனுப்புகிற மேஸ்திரி. மேஸ்திரியின் மனைவி விஜயா. அப்புறம் குழந்தை, பால்வாடியை முடித்துப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயசு. பூப்போட்ட கவுனும் மினுமினுக்கிற ஷூவும் போட்டுக்கொண்டு விஜயாவின் மடியில் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் இருவரும் வெளியே பெஞ்சில். புருஷன் பெஞ்சின் நுனியில், பாதி உட்கார்ந்து பாதி உட்காராமல்.

தலைவர் கோமதியைப் பார்த்து நேராகவே கேட்டார். ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர் அவர். சுற்றி வளைப்பது அவருக்கு ஆகாது.

"பிள்ளையை வித்தியாம்மா?"

"ஆமா சார். வித்தேன்."

களப் பணியாளர் பேனாவை எடுத்துவிட்டான். என் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றன. அப்போதுதான் விஜயா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ சார், தவுட்டுக்கு சார்! தவுட்டுக்கு வித்தா. இவளுக்கு மொதல்ல ரெண்டு பொறந்து தங்கல. இது பொறந்ததும் மொறத்துல போட்டு வாசல்ல வெச்சாங்க. நான் ஒரு கை தவுட்ட குடுத்து வாங்கிகினேன். அத்தப் போயி எவளோ ஃபோன் பண்ணி வித்துட்டாங்க கொன்னுட்டாங்கன்னு..."

அறை மொத்தமும் மூச்சு விட்டது. தெற்கத்திப் பையனுக்குக்கூடத் தெரிந்திருந்தது, அவன் ஊரிலும் உண்டாம். உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைத் தன் பிள்ளை இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். முறத்தில் கிடத்தி, வேறொருத்திக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கினவள் உடனே, "இந்தா, என் பிள்ளை, எனக்காக நீ வளர்த்துக் கொடு" என்று திருப்பிக் கொடுப்பாள். அந்த வீட்டைத் தேடி வருகிற சாவுக்கு இது வேற்றாள் பிள்ளை என்று போக்குக் காட்டுவதற்காக. பிள்ளைக்குத் தர்ஷினி என்று எழுதின பெயர் இருந்தாலும், தெருவில் தவுட்டம்மாதான்.

குழு உறுப்பினர் ஒருவர், "எங்க பெரியப்பா பேரு பிச்சை. அவரும் இப்படித்தான்" என்றார். இன்னொருவர் தன் மாமியார் வீட்டுக் குப்பம்மாவைப் பற்றிச் சொன்னார். ஆளுக்கொரு பிச்சை, ஆளுக்கொரு குப்பன். டீ சொன்னார்கள். நானும் சிரித்தேன், என் சித்தப்பா பெயரைச் சொல்லத்தான் இடம் கிடைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக ஒரு விசாரணை நடந்து நான் பார்த்ததில்லை. விஷயம் நம் ஊர் விஷயம், நமக்குப் புரிந்த விஷயம், யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

தலைவர் கோமதியிடம், "உனக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். அக்கா சொன்னதுதான்."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

வாசலில் நின்றபடி புருஷன், "மேஸ்திரி ஊட்ல சொன்னா சரிதான் சார்" என்றான்.

தலைவர் உத்தரவைச் சொல்லச் சொல்ல அடித்தேன். புகாரில் உண்மை இல்லை. பரம்பரையாக நடக்கும் சடங்கு. மேல் நடவடிக்கை தேவையில்லை. பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்ல அனுமதிக்கப்படுகிறது. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் வேறு இரண்டு பிள்ளைகள் விஷயம் காத்திருந்தது. அச்சு எடுப்பதற்கும் கோமதியின் ஆதார் அட்டையை நகல் எடுப்பதற்கும் அவளை அழைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன்.

நகல் இயந்திரம் சூடாக நேரம் எடுக்கும், உங்களுக்குத் தெரியும். அவள் என் பக்கத்தில் நின்றாள். கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மேடம், ஃபோன் பண்ணது ஆருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை என் சர்வீஸில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. விசாரணைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். அழுதுகொண்டு கேட்பார்கள், முறைத்துக்கொண்டு கேட்பார்கள். பாதிப் பேர் பெயரையும் கையிலேயே வைத்திருப்பார்கள். "எதிர் ஊட்டுக்காரிதானே?", "என் நாத்தனாருதானே? நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்." என்னிடமும் தயாராக ஒரு பதில் உண்டு. கண்ணைக்கூட நிமிர்த்தாமல் அதைச் சொன்னேன்.

"தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டோம். அது ரூல்."

அடுத்து அவள் ஒரு பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது இது.

"எப்பவுமேவா? மேஸ்திரி வந்து கேட்டாக்கூட சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல மாட்டோம்."

"எங்க ஊட்டுக்காரருக்கு?"

"அவருக்கும்தான்."

அவள் மூச்சை விட்டாள். புடவைத் தலைப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இயந்திரம் விழித்துக்கொண்டு நகலைத் தள்ளியது.

போன் செய்தவளைப் பிடித்துச் சண்டை போட நினைக்கிறவள், பெயர் தெரியாது என்றால் கோபப்படுவாள். இவளுக்கு நிம்மதி வந்தது. பெயர் வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று தவிக்கிறவள் உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருக்க முடியும்.

அந்த நிமிஷம்தான் என் மனதில் காலையிலிருந்து பார்த்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. வாங்கினவள் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்பதுதானே வழக்கம்? இந்தப் பிள்ளை யார் மடியில் உட்கார்ந்திருக்கிறது? அந்த மினுமினுக்கிற ஷூவை வாங்கினது யார்? ஷெட்டில் கூலி வேலை செய்கிறவனா? பிள்ளை ஒரு தடவையாவது கோமதி பக்கம் திரும்பியதா? வழக்கம் இன்னது என்று தெரிந்ததும் நாங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். தெரியாத ஊரில் இதே வழக்கு வந்திருந்தால், யாராவது ஒருத்தர் விவரம் கேட்டிருப்பார்கள். நமக்கு எல்லாம் தெரியுமே, அதனால் கேட்கவில்லை.

இப்போது நான் என்ன செய்வது? நீயா போன் பண்ணினாய் என்று இவளைக் கேட்டால், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு ஓடிவிடுவாள். உள்ளே போய், "இந்தம்மாதான் புகார் கொடுத்தவங்க" என்று சொன்னால், மேஸ்திரி காதுக்குப் போவதற்கு ஒரு சுவர்தான் இடைவெளி. சாயங்காலத்துக்குள் புருஷனுக்கு வேலை போகும். வாயை மூடிக்கொண்டு தாளைக் கொண்டுபோய் வைத்தால், தலைவர் கையெழுத்துப் போடுவார், பிள்ளை மேஸ்திரியின் காரில் ஏறிவிடும். இனி ஒரு தடவை போன் செய்யும் தைரியம் இவளுக்கு வராது. அச்சடித்த உத்தரவு என் கையில் இருந்தது. நான் வெறும் உதவியாளர். குழு முன்னால் கருத்துச் சொல்ல எனக்கு இடமில்லை.

அதனால் பொய் சொன்னேன். தாளை மடித்துக் கோப்புக்கு அடியில் செருகிவிட்டு உள்ளே தலையை நீட்டி, "சார், பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு. கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன். தலைவர், "எப்பப் பார்த்தாலும் இந்தப் பிரிண்டரோட பேஜாருதான்" என்று எரிந்து விழுந்தார். பாவம் பிரிண்டர், அன்றைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

பிறகு எங்கள் சட்ட அலுவலரின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். என் மகளை விடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான் வயசு. வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

"மேடம், அந்தப் பொண்ண ஒரு தடவ தனியா கேளுங்க."

"ஏன்?"

"ஏன்னு என்னைக் கேக்காதீங்க."

என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைத்துச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்தவர்களில் அவரை நான் பெரிதாக மதிப்பதற்கு அந்த ஒரு நொடிதான் காரணம். ஒருத்தி காரணம் சொல்ல மாட்டேன் என்று சொன்னால், சொல்ல முடியாத காரணம் இருக்கும் என்று நம்புவதற்குப் பெரிய மனசு வேண்டும். தலைவரிடம் திரும்பி, மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"சார், ஒண்ணு விட்டுப் போச்சு. பிள்ளை ராத்திரி எந்த வீட்ல தூங்குதுன்னு நாம கேக்கல. அம்மாவைத் தனியா ஒரு நிமிஷம் கேட்டுக்கலாம்."

"எல்லாம் தெரிஞ்ச விஷயம்தானேம்மா?"

"தெரிஞ்ச விஷயம்தான் சார். அதனாலதான் விட்டுப் போச்சு."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையையும் விஜயாவையும் வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார்.

சட்ட அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். ஏன், எதற்கு என்றெல்லாம் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காலையில் நாஷ்டா யார் கொடுப்பது, தலை வாரி விடுவது யார் என்று வீட்டு விஷயமாகக் கேட்டார்.

"அக்காதான் மேடம்."

"ராத்திரி?"

"அங்கதான் தூங்குது."

"எத்தனை நாளா?"

"நடக்கக் கத்துகினதுலேந்து. எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சு. அப்ப அக்கா இட்டுகினு போச்சு. நீ ஒடம்பு தேறிக்கோ, அதுவரைக்கும் பாத்துக்கறேன்னு. தேறிட்டேன். புள்ள வரல."

"திருப்பிக் கேட்டியா?"

கோமதி தலையை வேகமாக ஆட்டினாள்.

"கேக்கக் கூடாது மேடம். வித்தவ வாயத் தொறந்து கேட்டா புள்ளைக்கு ஆவாது. அவங்களா மனசு வெச்சு குடுக்கணும். நானும் குடுப்பாங்க குடுப்பாங்கன்னு பாத்துகினே கீறேன். அக்காவுக்குக் கொயந்த இல்ல. எப்படிக் குடுக்கும்? ரெண்டு புள்ளைய மண்ணுல வெச்சேன் மேடம். இது எங்கனா உசுரோட இருந்தா போதும்னுதான் இத்தன நாளு இருந்தேன். பள்ளிக்கூடத்து வாசல்ல போய் நின்னு பாத்துட்டு வருவேன். இப்ப ரெண்டு மாசமா என்னப் பாத்தா அது அக்கா பின்னால ஒளியுது."

உறுப்பினர்கள் இருவரும் குனிந்துகொண்டார்கள். காலையில் நாங்கள் சொல்லிச் சிரித்த பிச்சைகளும் குப்பன்களும் இப்போது யாருக்கும் நினைவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

பிறகு அவள் தலைவரைப் பார்த்துக் கேட்டாள். நான் அதைத் தட்டச்சு செய்யவில்லை, ஆனால் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"சார், நானா கேட்டாத்தானே ஆவாது? கவர்மெண்டா குடுத்தா ஆவும் இல்ல?"

தலைவர் பகுத்தறிவு பேசுகிறவர். இந்த மாதிரி நம்பிக்கைகளைக் கிண்டலடித்து மேடையில் பேசி நானே கேட்டிருக்கிறேன். "இந்தக் காலத்துலயும்..." என்று தொடங்கினார். சட்ட அலுவலர் மேஜை மேலிருந்த கையை மட்டும் லேசாக உயர்த்தினார். தலைவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கொள்கை ஒரு பக்கம், பயந்துபோய் எதிரில் நிற்கும் இந்தப் பெண் ஒரு பக்கம். அவளுக்கு அப்போதே புத்தி சொல்லியிருந்தால், அவள் தலையாட்டியிருப்பாள். ஆனால் பயம் எங்கும் போயிருக்காது. பயத்தோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், முதல் இருமலுக்கே விஜயா வீட்டில் விட்டிருப்பாள்.

"நீ கேக்க வேணாம்மா" என்றார் தலைவர், மெதுவாக. "நீ எதுவும் கேக்கல. நாங்க குடுக்கறோம்."

ஓர் உறுப்பினருக்குச் சங்கடம். "மூடநம்பிக்கைக்கு நாமளே துணை போற மாதிரி ஆகாதா சார்?" என்றார். நியாயமான கேள்விதான். சட்ட அலுவலர் சொன்னார்: "சடங்கைப் பத்தி ஒரு வார்த்தையும் எழுதப்போறதில்லை. பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கக் குழு முடிவு செய்கிறதுன்னு எழுதப்போறோம். வழக்கமா எழுதறதுதான்." பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்தேன். குழு முடிவு செய்கிறது என்ற அந்த வரியை நான் எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன்.

விஜயாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவளைக் கெட்டவள் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் அது உண்மையாக இருக்காது.

"நான் இன்னா திருடியா சார்? ஜொரம் வந்தா ராவெல்லாம் தோள்ல போட்டுகினு நடந்தவ நானு. இவ வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே! ஏன்டி கோமதி, கேட்டியாடி நீ?"

"இல்லக்கா" என்றாள் கோமதி. "நான் கேக்கல."

விஜயா அழுதாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது. வெளியே மேஸ்திரி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். சட்ட அலுவலர் வெளியே போய் அவரிடம் நிதானமாகப் பேசினார். இது குழுவின் உத்தரவு, யாரும் கேட்டு வந்தது அல்ல. இதைச் சாக்கு வைத்து அந்த ஆளின் வேலைக்கு ஏதாவது வந்தால் அதையும் குழுதான் விசாரிக்கும் என்று சொன்னார். மேஸ்திரி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிள்ளையை ஒப்படைக்கும் நேரம் வந்தது. கோமதி இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை விஜயாவின் புடவையைப் பிடித்திருந்தது. "போய் வாங்கிக்கோம்மா" என்றான் களப் பணியாளர். அவள் அசையவில்லை. கையை நீட்டினால் அது கேட்டதாகிவிடும். எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலைவர்தான் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். விசாரணையில் பிள்ளைகளைத் தொடக்கூட மாட்டார் அவர். விஜயாவிடமிருந்து பிள்ளையைத் தூக்கி, அது கையைக் காலை உதைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று விஜயாவை நோக்கித் தாவ, அப்படியே கொண்டுவந்து கோமதியின் கட்டிய கைகள் மேல் வைத்தார்.

"இந்தாம்மா. புடி."

அவள் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அவள் தோளில் அடித்துக்கொண்டு அழுதது. நாங்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை.

நல்லபடியாக முடிந்தது என்று இங்கேயே நிறுத்திவிடலாம். பிள்ளைகள் விஷயம் உத்தரவில் முடிவதில்லை என்பதால் மீதியையும் சொல்கிறேன். பகலில் விஜயா வந்து பார்த்துப் போகலாம் என்று ஏற்பாடு. களப் பணியாளர் மாதம் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவான். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, மேஸ்திரி வீட்டு வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் முதலில் சொன்னான். நாங்கள் செய்தது சரிதானா என்று நானே இரண்டு மூன்று தடவை யோசித்தேன். யோசித்ததை யாரிடமும் சொல்லவில்லை. போன் செய்தவள் யார் என்பதையும் சொல்லவில்லை, சட்ட அலுவலரிடம்கூட.

மழைக்காலத்தில் ஒரு நாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"மேடம், கோமதி பேசறேன். தவுட்டம்மா அம்மா."

"சொல்லும்மா."

"புள்ளைக்கு ஜொரம். வுடவே மாட்டேங்குது."

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போம்மா மொதல்ல!" பதற்றத்தில் எனக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிலதான் கீறேன் மேடம். ட்ரிப்ஸ் ஏத்திகினு கீறாங்க. அதுக்கு ஃபோன் பண்ணல."

பின்னே எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"தெருவுல பேசறாங்க மேடம். இவதான் எதுனா பண்ணி கேட்டு வாங்கிட்டா, அதான் புள்ள படுத்துகிச்சுன்னு." பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். "நான் கேக்கலல்ல மேடம்?"

கொசுக் காய்ச்சல் ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதுதான் உண்மை. ஆனால் அவள் என்னிடம் கேட்டது அதை இல்லை. அந்த நகல் இயந்திரத்தின் பக்கத்தில் நான் புரிந்துகொண்டேன் என்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா, எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. புகார் கொடுத்தவர் யார் என்று யாருக்கும் சொல்லக் கூடாது என்ற விதியை உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அந்த 'யாருக்கும்' என்பதில் புகார் கொடுத்தவளும் அடக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"நீ கேக்கலம்மா" என்றேன். "யாரோ ஃபோன் பண்ணாங்க. யாருன்னு எங்களுக்கே தெரியாது. நாங்களா வந்தோம், நாங்களா குடுத்தோம். நீ கையக்கூட நீட்டல. நான் பக்கத்துலேயே இருந்து பாத்தேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு சின்னக் குரல், கம்மிப்போன குரல், "யம்மா" என்றது. யாரும் பதில் சொல்லாததால் மறுபடியும் சொன்னது.

"வெக்கிறேன் மேடம்" என்றாள் கோமதி. "என்னத்தான் கூப்புடுது."